ராவுத்தர் கடைத் தராசு முள்

வெள்ளைத் தோலை உரிப்பது ரோசிலி. உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலைக் கத்தியால் சுரண்டுவது அவளுடைய சாச்சன். வியாழக்கிழமை சாயங்காலம், கொச்சியில் ஆலைக் குடியிருப்பின் மூன்றாம் மாடிச் சமையலறையில், மகளும் தகப்பனும் பலாக்கொட்டை சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். மேசை மேல் பழைய நாளிதழ். அதன் மேல் தோல்குவியல்.

"நூத்திப் பதினாலு" என்றார் அவிராச்சன்.

"எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

"பின்னே, சும்மா சுரண்டச் சொல்றியா?"

மலைநாடு முழுக்கத் தராசுகளைச் சரிபார்த்த மனிதர். வீட்டுக்குள் எதையும் எடை போட்டதில்லை. மீனானாலும் கிழங்கானாலும் எண்ணிக்கைதான். எடை என்பது அவருக்குக் கடைக்காரர்களின் கவலை.

"நிமிர்ந்து உட்காருங்க சாச்சா. குனியற காலம் முடிஞ்சு பத்து நாளாச்சு."

"பழகிப்போச்சு."

"கண்ணுக்குள்ள குமிழி எப்படி இருக்கு?"

அவர் தலையை ஒருமுறை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். "காலைல பட்டாணி. இப்ப மிளகு."

"திங்கக்கிழமை டாக்டர் பாத்துப் போயிடுச்சுன்னு சொல்லட்டும். செவ்வாக்கிழமை முதல் பஸ்."

"புதன்கிழமை தராசு முத்திரை முகாம்."

"தெரியும்."

"ராவுத்தர் கடை முள்ளை நிமிர்த்த அரை மணி நேரம். மத்ததுக்கு அரை நிமிஷம். ஒருநாள் தாராளம்" என்று சொல்லி, நூற்றுப் பதினைந்தாவது கொட்டையை எடுத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் முகம் கழுவிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். யாரையும் கூப்பிடவில்லை. ரோசிலி பால் விடாத கட்டன் சாயாவோடு வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தார், மூச்சு இல்லை. இருதயம் என்று ஆலை மருத்துவர் எழுதினார். வயது அறுபத்தொன்பது. கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை ரோசிலி இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அவிராச்சன் பிறந்தது கீழே, பாலா ஊருக்குப் பக்கத்தில். மூன்று வயதில், மரவள்ளிக் கப்பைத் தண்டும் மண்வெட்டியும் சுமந்து மலையேறிய பெற்றோரோடு ஒன்பதாம்மைல் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து நூறு மீட்டர். தம்பிமார் நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள். இவர் தொடுபுழையில் ஒரு தராசுப் பட்டறையில் ஆறு வருடம் இருந்துவிட்டு, அரசாங்க உரிமத்தோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு முப்பத்தாறு வருடம். கேன்வாஸ் பை ஒன்று. அதற்குள் அரம், குறடு, ஈயம், சோதனைக் கற்கள், நாற்பத்தொன்று என்ற எண் வெட்டிய எஃகு முத்திரை. தராசைச் சரிசெய்ததும் அதன் குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றி, முத்திரையை வைத்து ஒரே அடி. அந்த எண் இருந்தால் தராசுக்கு அவிராச்சன் பொறுப்பு. அதன் பிறகுதான் வருடத்துக்கொருமுறை முகாமுக்கு வரும் எடையளவு அதிகாரி தன்னுடைய முத்திரையை அடிப்பார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. முத்திரை அடிக்கும் வரை அந்தக் கடையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அடித்த பிறகு சாயாவும் பரிப்புவடையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். "அவிராச்சன் சாயா கேட்டாச்சு, தராசு பாஸ்" என்று கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

முள்ளைப் பார்க்கும்போது இடக்கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு கண்ணாலும் பார்த்தால் முள்ளின் இடம் மாறித் தெரியும், தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான். அதனாலேயே அவருடைய இடக்கண் நடுப்பார்வை போய் எட்டு வருடமான செய்தி யாருக்கும் தெரியாமல் போயிற்று. ரோசிலிக்கும் தெரியாது. ஆலையில் அழுத்தமானிகளையும் எடைமானிகளையும் சரிபார்க்கும் பிரிவில் அவள் பொறியாளர். கருவியின் பிழையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஈஸ்டருக்கு முந்தைய ஐம்பது நோன்பின் நடுவில், மார்ச் மாதம், அவர் மீராசா ராவுத்தர் கடைக்குப் போனார். ஒன்பதாம்மைல் சந்தியில் மலைச்சரக்குக் கடை. சிறு விவசாயிகள் ஏலக்காயும் மிளகும் கொண்டுவந்து போடும் இடம். இருபத்தெட்டு வருடப் பழக்கம். அன்றைக்குக் கடையில் ஏலக்காய் விற்க வந்த நாலு பேர் இருந்தார்கள். அவிராச்சன் தூக்குத் தராசைப் பிடித்து, இடக்கண்ணை மூடி, முள்ளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"யார் இந்த முள்ளை வளைச்சது?"

"எந்த முள்ளு?" என்றார் ராவுத்தர்.

"நடுவுல ஒரு வளைவு இருக்கு. தானா வளையாது ராவுத்தரே."

"எனக்கு நேராத்தான் தெரியுது."

"உமக்கு நேராத்தான் தெரியும். ஏலக்காய் கொண்டுவர்றவனுக்குத்தானே கோணல்."

நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். ராவுத்தர் சிரிக்கவில்லை.

"அவிராச்சா, வார்த்தையை அளந்து பேசும்."

"நான் அளக்கறதுக்குத்தான் வந்திருக்கேன்."

முள்ளைக் கழற்றிக் குறட்டால் பிடித்து நிமிர்த்தினார். மாட்டியபோது முள் நடுக்கோட்டில் நிற்கவில்லை. ஒரு தட்டின் குழியில் ஈயம் சேர்த்து நிற்கவைத்தார். முத்திரை அடித்தார். அன்று அவரும் சாயா கேட்கவில்லை, ராவுத்தரும் கொடுக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது ஞாயிறு, குர்பானைப் பூசையின் நடுவில், பீடத்தில் நின்ற பங்குக் குருவான அச்சனுக்குத் தலை இல்லாமல் போயிற்று. அங்கி தெரிந்தது, கை தெரிந்தது, கழுத்துக்கு மேல் காய்ந்த வெற்றிலைச் சாறு மாதிரி ஒரு கறை. அவிராச்சன் பூசை முடியும்வரை முழங்காலில் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரோசிலிக்குப் போன் செய்தார். "மோளே, எனக்கு ஒரு சின்னக் கோளாறு" என்றார். வலக்கண்ணை மூடினால் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டபோதுதான் எட்டு வருட உண்மையும் வெளியே வந்தது.

திங்கட்கிழமை அவரைக் கீழே கொச்சிக்குக் கொண்டுவந்தாள். செவ்வாய்க்கிழமை கண் மருத்துவமனை. டாக்டர் சுபைதா சின்ன உருவம், பெரிய குரல். கட்டம் போட்ட ஒரு அட்டையை அவர் கையில் கொடுத்தார்.

"நடுவுல இருக்கற புள்ளியைப் பாருங்க அப்பச்சா. கோடெல்லாம் எப்படி இருக்கு?"

"நடுவுல ஒண்ணுமே இல்ல, இருட்டு. சுத்தி இருக்கற கோடெல்லாம் வளைஞ்சிருக்கு."

"இதுக்கு முன்னாடி, இந்த இருட்டு வர்றதுக்கு முன்னாடி, எதாவது கோணலாத் தெரிஞ்சுதா? கதவு, ஜன்னல்கம்பி?"

அட்டையை விரலால் தடவினார். மேலிருந்து கீழ்வரை நகத்தை இழுத்தார்.

"டாக்டரே, இந்தக் கோடு நிஜமா நேரா?"

"அச்சுல அடிச்சது அப்பச்சா. நேராத்தான் இருக்கும்."

"ரோசிலி, நீ பாரு."

"நேர்தான் சாச்சா."

அவர் அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். டாக்டர் பேசியதில் பாதி அவர் காதில் விழவில்லை என்பது ரோசிலிக்குப் பிறகுதான் தெரிந்தது. விழித்திரைக்கு அடியில் சில வாரமாக நீர் கசிந்திருக்கிறது, அதனால்தான் நேரானது வளைந்து தெரிந்தது. இப்போது ரத்தக்குழாய் உடைந்து, பார்வையின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே ரத்தம் தேங்கிவிட்டது. அங்கேயே கிடந்தால் மேலே இருக்கும் பார்வை அணுக்கள் செத்துவிடும், நாள் கணக்குத்தான். ரத்தக்கட்டை இளக்க ஒரு மருந்து, கசிவை நிறுத்த ஒன்று, பிறகு கண்ணுக்குள் கொஞ்சம் வாயு. முகத்தைக் கவிழ்த்து வைத்தால் வாயுக் குமிழி மேலே எழும்பிக் கண்ணின் பின்சுவரை அழுத்தும். ரத்தம் நடுவை விட்டு ஓரத்துக்கு ஒதுங்கும்.

"ஒதுக்கறதுதான், எடுக்கறதில்ல" என்றார் டாக்டர். "ஓரத்துல இருந்தா தொந்தரவு கம்மி, அங்கேயே மெல்லக் கரையும்."

"எவ்வளவு வாயு?" என்றாள் ரோசிலி.

"பூஜ்யம் புள்ளி மூணு மில்லி. ரெண்டு நாள்ல ஊதி இரட்டிப்பாகும். அப்புறம் தானா சுருங்கி ரெண்டு ரெண்டரை வாரத்துல போயிடும். அதுவரைக்கும் விமானம் கூடாது, மலை கூடாது. வீடு எங்கே?"

"ஒன்பதாம்மைல்."

"அப்ப வீடும் கூடாது."

புதன்கிழமை ஊசி போட்டார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டை கட்டினார்கள். கண்ணில் வாயு இருக்கிறது, உயரமான இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

ஐந்து நாள் குப்புறக் கிடந்தார். சாப்பாடு குனிந்து, ஜெபமாலை குனிந்து, கழிப்பறைக்கு நடப்பதும் தரையைப் பார்த்தே. மேசை விளிம்பில் தலையணை வைத்து நெற்றியை அதில் பதித்துக்கொள்வார். மலையிலிருந்து பங்கு அச்சன் போனில் கூப்பிட்டார்.

"அவிராச்சா, கேள்விப்பட்டேன். நான் பதினோரு வருஷமா பிரசங்கம் பண்ணியும் குனியாத தலை, அரை மில்லி காத்துக்குக் குனிஞ்சிடுச்சே."

"அச்சோ, அரை இல்ல. பூஜ்யம் புள்ளி மூணு."

இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது, தட்டை நோக்கிக் குனிந்தபடியே, ராவுத்தர் கடை விஷயத்தைச் சொன்னார். ஒரு வரி விடாமல் சொன்னார். ரோசிலி கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நேரா இருந்த முள்ளை நீங்க வளைச்சிருக்கீங்க" என்றாள்.

"ஆமா."

"அதுக்கு ஈடா ஈயமும் சேர்த்திருக்கீங்க."

"ஆமா. அதுமேல என் முத்திரையும் இருக்கு." சோற்றைப் பிசைந்துகொண்டே, "இருபதாம் தேதி முகாம். அதிகாரி பாத்தா ராவுத்தர்மேல கேஸ் போடுவான். கள்ளத் தராசுன்னு" என்றார்.

"போன் பண்ணிச் சொல்லுங்க."

போன் செய்தார். "ராவுத்தரே, நான் அவிராச்சன்" என்றதும் மறுமுனை நின்றுவிட்டது. மறுபடியும் அடித்தார். எடுத்து வைத்துவிட்டார்கள்.

"நான் போய் நிமிர்த்திட்டு வர்றேன்" என்றாள் ரோசிலி. "என் வேலையே அதுதானே."

"முள்ளை நீ நிமிர்த்திடுவே. நாலு பேர் முன்னாடி நான் பேசினது? அதுக்கு நான்தான் போகணும்."

அவளும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கீழே ஆலையில் வருடாந்திரப் பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. விடுப்பில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. அவரே போகட்டும் என்று நினைத்தாள்.

ஏழாம் நாள் டாக்டர் பார்த்தபோது ரத்தம் நடுவை விட்டு இறங்கியிருந்தது. எழுத்து அட்டையில் அவிராச்சன் பெரிய எழுத்து மூன்று வரி வாசித்தார். கட்டத்தின் கோடுகளில் வளைவு மட்டும் மிச்சம். அது கொஞ்சம் இருந்தே தீரும் என்றார் டாக்டர். நிமிர்ந்து உட்கார்ந்தால் குமிழி பார்வையின் அடியில் கிடந்து ரசமட்டம் மாதிரி ஆடுவதாகச் சாச்சன் சொன்னார். அன்று திரும்பி வந்ததும் பையை எடுத்து வாசலில் வைத்தார்.

"இன்னிக்குப் பஸ்ஸுக்குப் போறேன்."

"முடியாது."

"ஜன்னலோரம் உட்கார மாட்டேன். கண்ணை மூடிக்கிட்டே வர்றேன்."

"சாச்சா, இங்க வாங்கற சிப்ஸ் பொட்டலம் அடிமாலி போறதுக்குள்ள எப்படி ஆகும்?"

"தலையணை மாதிரி உப்பும்."

"உங்க கண்ணுக்குள்ள இருக்கறதும் பொட்டலம்தான். மேல போகப் போக வெளிய காத்தோட அழுத்தம் குறையும். ஒன்பதாம்மைலுக்குப் போய்ச் சேர்றப்ப வாயு ஏழுல ஒரு பங்கு கூட விரியப் பாக்கும். பொட்டலம் உப்பும், கண்ணு உப்பாது. நேரியமங்கலம் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்துல வலி ஆரம்பிக்கும். மேல போய்ச் சேர்றதுக்குள்ள நரம்பு செத்துடும். ஒரே கண்ணு."

அவர் கணக்கைத் தலைக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்தார். அதில் பிழை கிடைக்கவில்லை. பையை எடுத்து உள்ளே வைத்தார்.

"உன்னைப் படிக்க வச்சது தப்பு" என்றார்.

மீதி நாட்களில் அவர் ஒரு காரியம் செய்தார். ரோசிலியின் குடைக்கம்பி ஒன்றைக் கழற்றி, குறட்டால் வளைத்து, மறுபடி நிமிர்த்தினார். கண்ணால் பார்க்கவில்லை. கழற்றிய ஜன்னல் கண்ணாடி மேல் கம்பியைப் படுக்கவைத்து, அடியில் சிகரெட் தாள் நுழைகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தார். நுழையும் இடத்தில் வளைவு. நுழையவே இல்லை என்றால் நேர். நாளைக்கு இருபது தடவை. ரோசிலி வேலைக்குப் போகும்போது தாள் கிழியும் சத்தம் கேட்கும்.

"இது எங்க ஆலையில முதல் வருஷப் பாடம் சாச்சா."

"பின்னே எதுக்கு நாலு வருஷம் ஃபீஸ் கட்டினேன்?"

ஊசி போட்ட பதினாறாம் நாள் இறந்துபோனார்.

சனிக்கிழமை காலை ஆம்புலன்ஸ் கிளம்பியது. ரோசிலி பின்னால், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூட வந்த உதவியாள் அவருடைய மணிக்கட்டைக் காட்டி, "இது என்ன பட்டை சேச்சி?" என்று கேட்டார்.

"மலை ஏறக் கூடாதுன்னு."

நேரியமங்கலம் பாலம் வந்தது. ஆறு நிறையத் தண்ணீர். பிறகு வளைவுகள் தொடங்கின. முன்னால் ஓட்டுநரின் பக்கத்தில் ஒரு சிப்ஸ் பொட்டலம் இருந்தது. ரோசிலி அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். அடிமாலியில் பார்த்தாள். உப்பியிருந்தது. மிளகளவுக் குமிழி, ஏழில் ஒரு பங்கு. கணக்குத் தானாக ஓடியது. வலிக்க ஆளில்லை. ஒன்பதாம்மைல் வருவதற்கு முன்னால் பையிலிருந்து கத்தரியை எடுத்துப் பட்டையை வெட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். ராவுத்தர் வந்தார். கல்லறை மதிலுக்கு வெளியே, தொப்பியோடு, கடைசிவரை நின்றார். மண் போட்டு முடிந்ததும் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ரோசிலி கேன்வாஸ் பையோடு கடைக்குப் போனாள். ஏலக்காய் மூட்டையோடு மூன்று பேர் நின்றார்கள். மேசைமேல் வேறொரு தராசு, புதிது, இரவல் வாங்கியது. தூக்குத் தராசு தொங்க வேண்டிய கொக்கி காலியாக இருந்தது.

"வா மோளே" என்றார் ராவுத்தர். "உட்காரு."

"தராசு எங்க இக்கா?"

அவர் உள்ளேயிருந்து ஒரு சாக்குச் சுருளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "மார்ச்ல அவரு முத்திரை அடிச்சுட்டுப் போன அன்னிக்கே இறக்கி வச்சுட்டேன். எனக்கே தெரிஞ்சுது, ரெண்டு தட்டுலயும் ஒரு கிலோ கல்லு வச்சா முள்ளு ஓரமா நிக்குது. வேற ஆளைக் கூப்பிட்டுப் பாக்கலாம்னு மகன் சொன்னான். வேண்டாம்னேன். வளைச்சவன் வந்து பாக்கட்டும்னு வச்சிருந்தேன்."

"போன் பண்ணினாரு. நீங்க வச்சுட்டீங்க."

"வச்சேன்." ராவுத்தர் மேசையைத் துணியால் துடைத்தார். சுத்தமாக இருந்த மேசை. "போன்ல கேக்கறதுக்கா நான் இருந்தேன்? நாலு பேர் முன்னாடி சொன்னாரு. நாலு பேர் முன்னாடி வந்து சொல்லட்டும்னு இருந்தேன். வர்றாருன்னுதான் நினைச்சேன். கீழ கொச்சியில போய் உட்கார்ந்துக்கிட்டாரு."

"அவரு வர்றேன்னுதான் சொன்னாரு. நான்தான் விடல."

நின்றவர்கள் மூட்டையைக் கீழே வைத்தார்கள். ரோசிலி அவர்களையும் பார்த்தாள். மூன்று பேர்தான். சாச்சன் சொல்லச் சொன்னார் என்று தொடங்கலாம். அவர் சொல்லச் சொல்லவில்லை. இல்லாததைச் சொல்ல அவளுக்கு வராது.

"முள்ளு நேராத்தான் இருந்துச்சு" என்றாள். "சாச்சனோட கண்ணுக்குள்ள கசிவு இருந்துச்சு. நேரானது வளைஞ்சு தெரிஞ்சுது. இதை அவரு கண்டுபிடிச்சதும், கண்ணைப் பத்திக் கேக்கல. இந்தக் கடையைப் பத்தித்தான் பேசினாரு."

ராவுத்தர் உள்ளே திரும்பி, "சாயா கொண்டா" என்றார்.

சாயா வந்தது. ரோசிலி அதைத் தள்ளி வைத்துவிட்டு முள்ளைக் கழற்றினாள். கடையின் கண்ணாடி அலமாரிக் கதவைக் கழற்றித் தரச் சொன்னாள். முள்ளை அதன்மேல் வைத்துத் தாளை நுழைத்தாள். நடுவில் நுழைந்தது. குறட்டால் ஒரு அழுத்து. மறுபடி தாள். இன்னொரு அழுத்து. ஐந்தாவது தடவை தாள் நுழையவில்லை.

இப்போது ஈயத்தை எடுக்க வேண்டும். தட்டின் குழியில் நாற்பத்தொன்று பளபளவென்று இருந்தது, மார்ச் மாதத்து அடி. உளியை எண்ணின்மேல் வைத்தாள். கொஞ்சநேரம் வைத்தபடி இருந்தாள். பிறகு தட்டினாள். ஈயம் ஒரே துண்டாக வந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். தராசைக் கொக்கியில் மாட்டினாள். கற்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். முள் நடுக்கோட்டில் நின்றது.

"சரியாயிடுச்சா?" என்றார் ராவுத்தர்.

"சரியாயிடுச்சு. ஆனா முத்திரை என்னால அடிக்க முடியாது இக்கா. உரிமம் அவர் பேர்ல. முத்திரை இல்லாம அதிகாரி எடுக்க மாட்டாரு. தொடுபுழையில வேற ஆள் இருக்காங்க, இன்னிக்கே கொண்டுபோனா..."

"இருக்கட்டும்."

"நாளைக்கு முகாம்."

"இந்த வருஷம் முகாமுக்கு இந்தத் தராசு வரல. இரவல் தராசு இருக்கு."

எஃகு முத்திரை பையின் அடியில் கிடந்தது. குழி காலியாக இருந்தது. ரோசிலி கருவிகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். சாயாவில் ஆடை கட்டியிருந்தது. குடிக்கச் சொல்லி ராவுத்தர் வற்புறுத்தவில்லை.